சாயும் கலம்: மூளைக்கு எவ்வளவு ஊற்றலாம்?

பழைய சீனத்தில் ஒரு விநோதமான கலம் இருந்தது. வெறுமையாக இருந்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பாதிக்குத் தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்து நிற்கும். விளிம்புவரை நிரப்பினால் தலைகுப்புறக் கவிழ்ந்து, உள்ளே இருந்த அத்தனையையும் கொட்டிவிடும். லூ நாட்டு அரசர் ஹுவானின் நினைவாலயத்தில் கன்பூசியஸ் இதைக் கண்டு, சீடர்களை ஊற்றச் சொல்லிச் சோதித்ததாகக் கதை. இதில் மாயம் எதுவும் இல்லை. கலத்தின் இடுப்பில் இரண்டு பக்கமும் அச்சு வைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பாதி நீர் இருக்கும்போது எடை மையம் அச்சுக்குக் கீழே இறங்கிக் கலத்தை நிமிர்த்துகிறது. மேலும் ஊற்ற ஊற்ற அந்த மையம் ஏறி அச்சைத் தாண்டிவிடும். அதற்கப்புறம் கவிழாமல் என்ன செய்யும்? வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணின் மதிப்பு 3.1415926-க்கும் 3.1415927-க்கும் நடுவில் இருக்கிறது என்று கணக்கிட்ட ஜூ சோங்ஜி (429–500) இந்தக் கலத்தையும் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார்.

கதை கன்பூசியஸ் பெயரில் இருந்தாலும், கி.மு. 139-இல் பேரரசர் வூவிடம் அளிக்கப்பட்ட ஹுவாய்நான்ஸி என்ற தொகுப்பு அதைச் சீனாவின் இன்னொரு பழைய சிந்தனை மரபான தாவோயிசத்தின் பக்கம் இழுத்துக்கொண்டது. கதையைச் சொல்லி முடித்ததும் தாவோயிசத்தின் மூலவர் லாவோ ட்சுவின் தாவோ தே ஜிங் நூலில் 15-ஆம் அத்தியாயத்திலிருந்து ஒரு கருத்தைக் கொண்டுவந்து வைக்கிறது: இந்த வழியில் நடப்பவர் நிரம்பி நிற்க விரும்புவதில்லை.

மூளைத்திறனுக்கும் தாவோயிசத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை யின்-யாங் வட்டத்தைக் காட்டி, "எல்லாவற்றிலும் பாதிப் பாதி" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வட்டம் லாவோ ட்சுவுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. தாவோ தே ஜிங்கின் 81 அத்தியாயங்களில் யின் (இருள், ஓய்வு), யாங் (ஒளி, இயக்கம்) என்ற இரண்டு சொற்களும் ஒரே ஓர் இடத்தில், 42-ஆம் அத்தியாயத்தில்தான் வருகின்றன. சமநிலை பற்றி அந்த நூல் உண்மையில் சொல்வது 40-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது: திரும்புவதுதான் தாவோவின், அதாவது இயற்கை வழியின், அசைவு. அதாவது நடுக்கோட்டில் அசையாமல் நிற்பது சமநிலை அல்ல. நிரம்பும் முன் திரும்புவது, வற்றும் முன் திரும்புவது. மூளைக்கு இது பொருந்துகிற அளவுக்கு வேறு உறுப்புக்குப் பொருந்துமா தெரியவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அளவு எது, மிஞ்சப்போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததும் என்ன செய்வது? வேலைக்கு ஆகிற கேள்விகள் இவைதான்.

பந்தயம் பொன்னாகும்போது

தாவோயிசத்தின் இன்னொரு மூலநூலான சுவாங் ட்சுவின் 19-ஆம் அத்தியாயத்தில் ஒரு கவனிப்பு வருகிறது. ஓட்டுச்சில்லைப் பந்தயமாக வைத்தால் ஒருவன் கைதேர்ந்து ஆடுகிறான். இடைவார்க் கொக்கியை வைத்தால் கை தயங்குகிறது. பொன்னை வைத்தால் கண்ணே இருட்டிவிடுகிறது. திறமை மூன்றிலும் அதேதான். வெளியே இருப்பதற்கு மதிப்புக் கூடியதால் உள்ளே இருப்பது தடுமாறுகிறது.

1908-இல் உளவியலாளர்கள் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் எலிகளை வைத்து இதையே அளந்தார்கள். தவறான வழியில் போனால் லேசான மின்னதிர்ச்சி. சுலபமான பாடத்தில் அதிர்ச்சி கூடக்கூட எலி விரைவாகக் கற்றது. கடினமான பாடத்தில் நடுத்தர அதிர்ச்சிதான் நன்றாக வேலை செய்தது. கூடினால் கற்பது மந்தமாகியது. இதைத் தலைகீழ் 'யு' வடிவ வளைவு என்று எல்லோரும் வரைந்து காட்டுவார்கள். ஆனால் பாதியை விட்டுவிடுவார்கள்: வளைவின் உச்சி வேலையைப் பொறுத்து நகர்கிறது. ரசீதுகளை அடுக்குவது, பழகிய கணக்குகளைப் போடுவது போன்ற வேலைக்குக் கொஞ்சம் நெருக்கடி நல்லது. புதிய சூத்திரத்தைப் புரிந்துகொள்வது, ஒரு கட்டுரையின் அமைப்பை யோசிப்பது போன்றவற்றுக்கு அதே நெருக்கடி விஷம்.

ஏன் என்பதை நரம்பியல் ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் விளக்குகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் திட்டமிடுவது, தேவையற்றதைத் தள்ளுவது, சில விஷயங்களைக் கையில் பிடித்தபடி யோசிப்பது எல்லாவற்றையும் செய்கிறது. அங்கே விழிப்பைக் கூட்டும் ரசாயனமான நார்அட்ரினலின் மிதமாகச் சுரந்தால் அது ஆல்ஃபா-2ஏ என்ற ஏற்பிகளில் போய் ஒட்டி, நரம்புச் செல்களுக்கு இடையிலான பிணைப்பை வலுவாக்குகிறது. அளவு மீறிச் சுரந்தால் ஆல்ஃபா-1, பீட்டா ஏற்பிகளும் விழித்துக்கொள்கின்றன. அதே பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. கட்டுப்பாடு முன்மூளையின் கையிலிருந்து நழுவி, பயத்துக்கும் பழக்கத்துக்கும் உரிய பழைய பகுதிகளிடம் போகிறது. ஒரே ரசாயனம், அளவு மட்டும் வேறு. கலம் கவிழ்வது இதேபோலத்தான்.

எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பதை உடம்பே சொல்லும். குறைவின் பக்கம்: ஒரே வரியை மூன்றாவது தடவை படிப்பது, கொட்டாவி, கண் எழுத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போவது. மிகையின் பக்கம்: தோள்கள் காதை நோக்கி ஏறியிருப்பது, பல்லைக் கடித்திருப்பது, மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுவது, ஒரு வேலையைத் தொட்டு முடிக்காமல் அடுத்ததைத் திறப்பது, எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க முடியாமல் இருப்பது. இரண்டையும் சேர்த்து "கவனம் இல்லை" என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் மருந்து மாறிப்போகிறது. மிகையில் இருப்பவர் இன்னொரு காபி குடிக்கிறார். குறைவில் இருப்பவர் நாற்காலியில் சாய்ந்து போனைத் தடவுகிறார்.

குறைவுக்கு எழுந்து நில்லுங்கள். 5 முதல் 10 நிமிடம் வேகமாக நடங்கள், முடிந்தால் வெயில் வெளிச்சத்தில். திரும்பி வந்து 20 நிமிடத்தில் முடிகிற ஒரு துண்டை மட்டும் கடிகாரம் வைத்துச் செய்யுங்கள்.

மிகைக்கு மூச்சு. மூக்கு வழியாக 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. ஒரு சுற்றுக்கு 10 வினாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடத்துக்கு 30. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிக்கும். நிமிடத்துக்கு 6 என்ற வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலோடு தாளம் சேர்ந்துகொண்டு, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் அமைதிப்படுத்தும் வேலையைப் பெரிதாக்குகிறது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, மெதுவாக இழுக்கச் சொன்னால் ஆழமாக இழுப்பது. அப்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் காற்றின் அளவைக் குறையுங்கள், வேகத்தை மாற்றவேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிற மூச்சு தேவைக்கு அதிகமான மூச்சு. 6 வினாடி விடுவது திணறலாக இருந்தால் 3-க்கு 4 என்று தொடங்கலாம்.

முடிச்சில் மெதுவாகும் கத்தி

சுவாங் ட்சுவில் மிகப் பிரபலமான ஆள் டிங் என்ற சமையல்காரர். சாதாரணச் சமையல்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், ஏனென்றால் வெட்டுகிறார். நல்லவர் வருடம் ஒன்று. டிங்கின் கத்தி 19 வருடமாக மாறவில்லை. ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தும் இப்போதுதான் சாணை பிடித்ததுபோல் இருக்கிறது. எலும்பின் மேல் போடாமல் மூட்டின் இடைவெளிக்குள் விடுகிறார். வூ வெய், அதாவது வலிந்து செய்யாமை, என்பதற்கு இந்தக் கதையைக் காட்டி "எதுவும் செய்யாமல் தானாக நடக்கட்டும்" என்று பொருள் சொல்பவர்கள் கதையின் பின்பாதியைப் படிப்பதில்லை. சிக்கலான முடிச்சு வரும்போது டிங் பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தி, கையை மெதுவாக்கி, கத்தியை மிக நுணுக்கமாக அசைக்கிறார். பழகிய இடத்தில் கை ஓடுகிறது. பழகாத இடத்தில் கவனம் முழுதாக இறங்குகிறது. வூ வெய் இந்த மாறுதலில்தான் இருக்கிறது.

மூளைக்கு இது நேரான பாடம். தட்டச்சு, வாகனம் ஓட்டுவது, வாசித்துப் பழகிய ராகம் போன்றவை அடிமூளைக் கணுக்களிடமும் சிறுமூளையிடமும் போய்விட்டவை. அங்கே ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கத் தொடங்கினால் கெட்டுப்போகும். கைதேர்ந்த கால்ஃப் ஆட்டக்காரர்களைத் தங்கள் மட்டையின் அசைவைக் கவனிக்கச் சொன்னபோது அடி மோசமானது. புதியவர்களுக்கோ அப்படிக் கவனித்தது உதவியது என்று உளவியலாளர் சியான் பெய்லாக்கின் சோதனைகள் காட்டின. ஆக, "மனதை விட்டுவிடு" என்ற அறிவுரை பத்து வருடம் பழகியவருக்கு மருந்து. நேற்றுத் தொடங்கியவருக்குச் சோம்பேறித்தனத்துக்கான அனுமதிச் சீட்டு.

முடிச்சு என்று தெரிந்த இடத்தில் செய்யவேண்டியது சுமையை இறக்குவது. நாம் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க முடிவது சுமார் 4 விஷயங்கள் என்று நெல்சன் கோவன் 2001-இல் காட்டினார். அதற்கு முன் பலகாலம் ஜார்ஜ் மில்லரின் 7 என்ற எண் புழங்கியது. ஐந்தாவது வரும்போது முதலாவது விழும். அதனால் கடினமான வேலைக்கு உட்காரும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும்: என்ன கேட்கப்பட்டிருக்கிறது, என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்த அடி என்ன. எழுதிய ஒவ்வொன்றும் தலைக்குள் ஓர் இடத்தைக் காலி செய்கிறது.

வேலை நேரத்தை 45 முதல் 60 நிமிடத் துண்டுகளாக வைத்துக்கொள்ளலாம். இந்த எண் புனிதமானது அல்ல. கவனிக்கவேண்டியது எங்கே நிறுத்துகிறோம் என்பதை. முட்டிமோதி நின்றுபோன இடத்தில் நிறுத்தாமல், அடுத்த அடி என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். தாய்ச்சி போன்ற மெதுவான சீன உடற்பயிற்சிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் "எழுபது சதவீதம்" என்று சொல்வார்கள்: முடிந்ததில் ஏழு பங்குதான் செய், மூன்று பங்கை மிச்சம் வை. எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் இது அப்படியே பொருந்தும். எழுந்திருக்கும் முன் அரை நிமிடம் செலவிட்டு "அடுத்து இது, இந்த இடத்தில் சந்தேகம்" என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். முடியாத வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது பழைய வேலையின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். அந்த இரண்டு வரி மிச்சத்தைக் கழுவிவிடுகிறது.

அச்சின் ஓட்டை

தாவோ தே ஜிங்கின் 11-ஆம் அத்தியாயம்: முப்பது ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்தில் சேர்கின்றன, நடுவில் உள்ள ஓட்டைதான் சக்கரத்தை உருளவைக்கிறது. பானையின் பயன் அதன் வெறுமையில், அறையின் பயன் அதன் காலி இடத்தில். எல்லோரும் மேற்கோள் காட்டுவது, யாரும் செய்யாதது.

மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தின்கிறது. தீவிரமாக ஒரு கணக்கைப் போடும்போது கூடுதலாகச் செலவாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. மார்கஸ் ரெய்க்லியும் அவர் குழுவும் 2001-இல் இதற்குப் பின்னால் இருக்கும் ஓர் அமைப்பை விவரித்தார்கள்: வெளிவேலை இல்லாதபோது சில பகுதிகள் ஒன்றாக எழுந்து, வேலை தொடங்கியதும் அடங்கிவிடுகின்றன. இயல்புநிலை வலையமைப்பு என்று பெயர். பழைய நினைவுகளைப் புரட்டுவது, நாளையைக் கற்பனை செய்வது, ஒன்றோடொன்று ஒட்டாத விஷயங்களை ஒட்டிப் பார்ப்பது எல்லாம் அங்கே நடக்கின்றன. அது ஓட இடம் கொடுக்காவிட்டால் படித்தது தலைக்குள் தனித்தனித் துண்டுகளாகவே கிடக்கும்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மிகேலா டூவரும் மற்றவர்களும் 2012-இல் வெளியிட்ட சோதனை மிகவும் எளிமையானது. முதியவர்களுக்கு இரண்டு சிறு கதைகள் சொன்னார்கள். ஒரு கதைக்குப் பின் மங்கிய அறையில் கண்ணை மூடி 10 நிமிடம் இருக்கவைத்தார்கள். இன்னொன்றுக்குப் பின் இரண்டு படங்களுக்கு இடையில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஏழு நாள் கழித்துக் கேட்டபோதும் ஓய்வுக்கு முன் கேட்ட கதைதான் கூடுதலாக நினைவில் இருந்தது.

அந்த விளையாட்டின் இடத்தில் உங்கள் போனை வையுங்கள். வேலைத் துண்டுகளுக்கு நடுவே வீடியோ பார்ப்பவர் ஓய்வெடுப்பதாக நினைக்கிறார். உண்மையில் அதே கலத்தில் வேறு நிறத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறார். 10 நிமிட இடைவேளை என்றால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது, பாத்திரம் கழுவுவது, மொட்டைமாடியில் நடப்பது, கண்ணை மூடி உட்கார்வது. மொழி, படம், செய்தி எதுவும் உள்ளே போகக்கூடாது. பாட்டுக்கூட வரி இல்லாததாக இருந்தால் தேவலை. மூன்று வேலைத் துண்டுகளுக்கு ஒருமுறை அரைமணி நேரம்.

இதில் உண்மையான சிக்கல் வேறு. சிலருக்கு வெறுமையைத் திறந்தால் கவலைதான் உள்ளே வருகிறது. அதே வலையமைப்புதான் பழைய அவமானத்தை நூறாவது முறையாக ஓட்டிக் காட்டுவதும். அப்படிப்பட்டவர்களைக் கண்ணை மூடி உட்காரச் சொல்வது கொடுமை. அவர்களுக்கு நடை நல்லது. அல்லது இடைவேளையின் முதல் இரண்டு நிமிடத்தில் தலையில் சுற்றுவதைக் காகிதத்தில் கொட்டிவிட்டுப் பிறகு சும்மா இருக்கலாம்.

இதையே ஒரு பயிற்சியாகச் செய்ய விரும்பினால் தாவோயிசத்தில் ட்சுவோ-வாங் இருக்கிறது, 'உட்கார்ந்து மறத்தல்'. சுவாங் ட்சுவின் 6-ஆம் அத்தியாயத்தில் பெயர் வருகிறது. சீனாவின் தாங் அரசமரபுக் காலத்துச் சிமா செங்ஜென் (647–735) அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஒரு பொருளின்மேல் மனதைக் குவிக்கும் தியானத்திலிருந்து இது வேறு. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட இரண்டு விரல் உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் கீழ்முதுகு வளைந்து பத்தாவது நிமிடத்தில் வலிக்கும். கண் பாதி திறந்து, மூன்றடி தள்ளித் தரையில் பார்வை. முதல் இரண்டு நிமிடம் மேலே சொன்ன மூச்சு. பிறகு எண்ணுவதையும் விட்டுவிடுங்கள். நினைப்பு வந்தால் பின்தொடரவேண்டாம், துரத்தவும் வேண்டாம். 12 நிமிடம். கலங்கிய தண்ணீரை யார் தெளியவைப்பது, சும்மா வைத்தால் தானே தெளியும் என்று தாவோ தே ஜிங்கின் அதே 15-ஆம் அத்தியாயம் சொல்கிறது. கையை விட்டுத் துழாவினால் மேலும் கலங்கும். டேனியல் வெக்னர் 1987-இல் வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி வைத்தபோது மாணவர்களுக்குக் கரடிதான் வந்துகொண்டிருந்தது. "மனதை வெறுமையாக்கு" என்று தனக்கே கட்டளையிடுபவர் செய்வது அதேதான். ஐந்தே நிமிடத்தில் தூக்கம் தள்ளினால் பயிற்சி தவறு என்று அர்த்தமில்லை. தூக்கம் பற்றாக்குறை என்று அர்த்தம்.

நடுநிசியும் நண்பகலும்

சீனர் பழைய முறையில் நாளை இரண்டிரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டாகப் பிரிப்பார்கள். இரவு 11 முதல் 1 வரை ட்சு. பகல் 11 முதல் 1 வரை வூ. யின் உச்சிக்குப் போய் யாங் பிறக்கும் இடம் முதலாவது; யாங் உச்சிக்குப் போய் யின் பிறக்கும் இடம் இரண்டாவது. திரும்புமிடங்கள் இரண்டிலும் படுத்திரு என்பது வழக்கு: இரவில் முழுத் தூக்கம், பகலில் சிறு தூக்கம்.

இரவு 11-க்குள் படுக்கவேண்டும் என்பதில் மந்திரம் இல்லை. ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் பாதியிலும், கனவுத் தூக்கம் பின்பாதியிலும் அதிகம். அலாரம் 5 மணிக்கு என்றால் வெட்டுப்படுவது கனவுத் தூக்கம். வயது வந்தவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. எழும் நேரம் விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராமல் இருந்தால், படுக்கும் நேரம் தானே சரியாகும்.

பகல் தூக்கத்துக்கு 20 நிமிடம். கண் அயர நேரம் சேர்த்து 25-க்கு அலாரம். அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழவேண்டிவரும்; அந்த மப்பு தெளிய அரைமணி போகும். பிற்பகல் 3-க்குப் பிறகு வேண்டாம். இரவில் தூக்கம் வராமல் புரள்பவர்களுக்குப் பகல் தூக்கமே வேண்டாம், இரவுக்கான பசியை அது தின்றுவிடும்.

காபி விஷயத்தில் ஒரு கணக்கு. விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். தூக்கம் வா என்று அழைப்பது அதுதான். கஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை, அது போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. கலம் நிரம்பிவிட்டது என்று அடிக்கும் மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்வதுபோல. உடலில் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. பெரிய அளவுதான், இருந்தாலும் 11 மணிக்குப் படுப்பவர் கடைசிக் காபியைப் பிற்பகல் 2 மணியோடு நிறுத்துவது நல்லது.

தூக்கத்தில் மூளை கழிவை அலசி வெளியேற்றுகிறது என்று மைக்கென் நெடர்கார்டின் குழு 2013-இல் எலிகளில் கண்டதாக அறிவித்தது. அதிலிருந்து "மூளைக்குக் குளியல்" என்று எழுதாதவர் இல்லை. 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் எலிகளிலேயே நேர்மாறாகக் கண்டார்கள். சண்டை ஓயட்டும். அதைவிட உறுதியான தரவு உள்ள இன்னொன்று தாவோயிசத்துக்கு நெருக்கமானது. ஜூலியோ டொனோனியும் கியாரா சிரெல்லியும் 2003-இலிருந்து சொல்லிவருவது: பகலில் கற்கக் கற்க நரம்பு இணைப்புகள் பருத்துக்கொண்டே போகின்றன, தூக்கத்தில் அவை மெலிகின்றன, அதனால்தான் மறுநாள் புதிதாகக் கற்க இடம் இருக்கிறது. 2017-இல் மின்னணு நுண்ணோக்கியில் எலி மூளையின் ஆயிரக்கணக்கான இணைப்புகளை அளந்தபோது தூங்கிய எலிகளில் இணைப்புப் பரப்பு சராசரியாக 18 சதவீதம் சுருங்கியிருந்தது. கல்வியில் நாளும் சேர்ப்பது, தாவோவில் நாளும் குறைப்பது என்கிறது தாவோ தே ஜிங்கின் 48-ஆம் அத்தியாயம். மூளை இரண்டையும் ஒரே நாளில் செய்கிறது.

படிப்பவர்கள் இங்கே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நிரம்பிய உணர்வு பொய் சொல்லும். ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் ஒரு பத்தியை ஒரு பிரிவினரைத் திரும்பப் படிக்கவைத்தார்கள். இன்னொரு பிரிவினரைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதவைத்தார்கள். 5 நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். ஆகவே 25 நிமிடம் படித்தால் 10 நிமிடம் மூடிவைத்து எழுதுங்கள். அதே பகுதியை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் எழுதிப் பாருங்கள்.

உடம்பு, ரசகுளிகை

சீனாவின் மாவாங்துய் கல்லறை கி.மு. 168-இல் மூடப்பட்டது, 1973-இல் தோண்டியபோது 44 மனித உருவங்கள் வரைந்த ஒரு பட்டுத்துணி கிடைத்தது. கரடிபோல, பறவைபோல நீட்டி வளையும், 'தாவோயின்' என்ற உடற்பயிற்சிகள். அழகான துணி. ஆனால் மெதுவான நீட்டல் மட்டும் மூளைக்குப் போதும் என்று நம்புகிறவர்கள் 2011-இல் எரிக்சன் குழு வெளியிட்ட முடிவைப் பார்க்கவேண்டும். 120 முதியவர்கள். பாதிப் பேர் ஒரு வருடம், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகநடை. மீதிப் பேர் நீட்டல் பயிற்சி. நடந்தவர்களுக்கு நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. நீட்டியவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. உடம்பு வேர்க்கவும் வேண்டும். நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். தாய்ச்சி அதற்குத் துணை; அதன் இடத்தைப் பிடிக்காது.

தாவோயிசம் தன் பாடத்தைத் தானே மறந்த கதையும் உண்டு. சாகாவரத்துக்காகப் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புத் தாதுவான சாதிலிங்கத்தைப் புடம் போட்டுக் குளிகை செய்தார்கள். தாங் பேரரசர்கள் பலர் அதைத் தின்றார்கள். 846-இல் செத்த வூட்சோங் அவர்களில் ஒருவர். இன்றைக்கு அந்த இடத்தில் கூர்மை மாத்திரைகள் இருக்கின்றன. கவனக்குறைபாடு இல்லாத 40 இளைஞர்களுக்கு மெதில்ஃபெனிடேட், மோடாஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெடமின் கொடுத்துப் பையில் பொருள் அடுக்கும் கணிதப் புதிரைப் போடவைத்த மெல்பர்ன் ஆய்வு 2023-இல் வெளியானது. முயற்சி கூடியது, நேரம் கூடியது, விடையின் தரம் குறைந்தது. கவனக்குறைபாடு உள்ளவருக்கு மருத்துவர் தரும் மருந்து வேறு விஷயம். அங்கே கலம் காலியாகச் சாய்ந்திருக்கிறது, ஊற்றத்தான் வேண்டும். மறதியும் சோர்வும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூச்சுப் பயிற்சியில் நேரத்தைக் கடத்தாமல் தைராய்டு, பி-12, ரத்தசோகை மூன்றையும் பரிசோதியுங்கள். தூங்கியும் அசதி தீராமல் குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

தேர்வுக்கு முந்தைய ஏழு நாள்

பந்தயம் பொன்னாகும் நாள் ஒன்று எல்லோருக்கும் வரும்: தேர்வு, நேர்காணல், மேடை. சுவாங் ட்சுவின் அதே 19-ஆம் அத்தியாயத்தில் மணித்தாங்கி செதுக்கும் தச்சர் சிங் அதற்கு ஒரு கால அட்டவணையே வைத்திருக்கிறார். மூன்று நாள் நோன்பில் பரிசையும் பட்டத்தையும் மறக்கிறார். ஐந்து நாளில் புகழ்ச்சி, இகழ்ச்சியை. ஏழாம் நாளில் தனக்குக் கைகால் இருப்பதையே. அதன்பிறகுதான் காட்டுக்குப் போய் மரம் தேடுகிறார்.

தேர்வுக்கு ஏழு நாள் முன்னால் புதுப்பாடத்தை நிறுத்துங்கள். மூடிவைத்து எழுதுவது மட்டும், நாளுக்கு நான்கு துண்டு. நான்காம் நாளிலிருந்து மதிப்பெண், வேலைவாய்ப்பு, யார் எவ்வளவு படித்தார்கள் என்ற பேச்சுள்ள குழுக்களை அணைத்துவையுங்கள். இரண்டு நாள் முன்னால் ஒரு முழு மாதிரித் தேர்வு, உண்மையான நேரத்தில், உண்மையான நாற்காலியில்; பிழைகளைத் திருத்தியதோடு சரி. முந்தின நாள் மாலை 6 மணிக்குப் புத்தகத்தை மூடி, 40 நிமிடம் நடந்து, வழக்கமான நேரத்துக்குப் படுங்கள். முன்னதாகப் படுத்தால் புரண்டுகொண்டுதான் இருக்கவேண்டும். காலையில் பழகிய உணவு, பழகிய அளவு காபி. அன்றைக்கென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தினால் தலைவலி வரும்.

கூடத்துக்கு வெளியே 10 நிமிடம் இருந்தால் பயத்தை ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடலாம். 2011-இல் ஓர் ஆய்வு இப்படி எழுதுவதில் நல்ல பலன் கண்டது. பின்னால் வந்தவை எல்லாவற்றிலும் அது திரும்பக் கிடைக்கவில்லை. செலவில்லாத வேலை, ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஆறு மூச்சு, ஒரு நிமிடம். மறந்துவிடுவோமோ என்று பிடித்துவைத்திருக்கும் சூத்திரங்களை ஓரத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள். வினாத்தாளை ஒருமுறை புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய ஒரு கணக்கில் பேனாவை வையுங்கள். முடிச்சுள்ள கேள்வி பின்னால் வரட்டும். அதற்குள் கை சூடாகியிருக்கும்.